தீர்ப்புக்குப் பிறகு: தண்டிக்கப்பட்ட ஏழையும் சட்ட மாணவரும்



திருவாதவூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு மாணிக்கவாசகர் நினைவுக்கு வருவார். குதிரை வாங்கக் கொடுத்த அரசுப் பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்தார் என்று பாண்டியன் அவரைத் தண்டித்த கதை, நரி பரியான கதை, வந்தியின் பிட்டுக்கு மண் சுமந்த கதை எல்லாம் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். யோசித்துப் பார்த்தால் அது ஒரு சிறைவாசியின் கதை. அமைச்சராக இருந்தவர் தண்டிக்கப்படுகிறார். அவருக்காகப் பேச ஆளில்லை. கடவுளே கூலியாளாக இறங்கி வந்து வைகைக் கரையில் பிரம்படி வாங்குகிறார். அந்த அடி எல்லோர் முதுகிலும் விழுந்த பிறகுதான் அரசனுக்குத் தன் தவறு விளங்குகிறது. தண்டனை கொடுத்தாகிவிட்டது என்பதாலேயே அது சரியான தண்டனை ஆகிவிடாது, திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற நியாயம் அந்தக் கதைக்குள் இருக்கிறது.

வாதவூரர் அமைச்சர், அவருக்குக் கடவுள் வந்தார். சேரியிலிருந்து சிறைக்குப் போன ஒருவருக்கு யார் வருவார்? இன்றைய உரையின் கேள்வி இதுதான். தண்டனை பெற்ற ஏழைகளுக்காகச் சட்ட மாணவர்கள் நின்ற வரலாற்றையும், நம் வட்டாரத்துப் பிள்ளைகள் அதில் செய்யக்கூடியதையும் பேச வந்திருக்கிறோம்.

இந்த மேடையில் இதைப் பேசுவது எளிதல்ல. மேலவளவில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் நினைவாகக் கூடியிருக்கிறோம். தலைப்பைச் சொன்னதுமே ஒரு தம்பி முகத்துக்கு நேராகக் கேட்டார்: “அண்ணே, தண்டனை வாங்குனவனோட உரிமையப் பத்தி நாம எதுக்குப் பேசணும்? நம்ம ஆளுங்கள வெட்டுனவன் வெளிய வந்து நடமாடுறான். அவனுக்கு வக்கீல் கெடைக்கலன்னா நாம அழணும்?” கேட்டவர் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அவர் கேட்டது இங்கே உட்கார்ந்திருக்கும் பலருடைய கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் இந்த உரையை முடிக்க மாட்டோம்.

மேலவளவு சொல்லும் பாடம்

மாணவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1996இல் மேலூர் வட்டத்தின் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியினர் மிரட்டினார்கள்; மனுச் செய்தவர்கள் திரும்பப் பெற்றார்கள்; வாக்குப்பெட்டிகள் பறிக்கப்பட்டன. எல்லாவற்றையும் தாண்டி முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரையில் ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும்போது, அவரையும் அவரோடு சேர்த்து ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். வழக்கு மதுரையில் நடந்தால் சாட்சிகள் நிற்க முடியாது என்று போராடி அதைச் சேலத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. 2001 ஜூலை 26 அன்று சேலம் செசன்ஸ் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2006இல் உயர் நீதிமன்றமும் 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. வழக்கறிஞர் பொ. இரத்தினம் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் இதன் பின்னால் அலைந்தார்கள்.

தீர்ப்போடு கதை முடியவில்லை. தண்டிக்கப்பட்டவர்களில் மூன்று பேர் 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி முன்விடுதலை ஆனார்கள். 2019 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டைக் காரணம் காட்டி 13 பேர் விடுவிக்கப்பட்டார்கள். அந்த அரசாணைகளைக் கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் படியேற வேண்டியிருந்தது. கணவனையும் மகனையும் இழந்த குடும்பங்களை யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டோம். தீர்ப்பு நாளோடு வழக்கு முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் ஏழைகள் மட்டுமே. வசதியுள்ளவர்களுக்கு அன்றைக்குத்தான் வழக்கின் இரண்டாம் பாதி தொடங்குகிறது: மேல்முறையீடு, தண்டனை நிறுத்தம், ஜாமீன், பரோல், தண்டனைக் குறைப்பு, முன்விடுதலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மனு, ஒரு காலக்கெடு, ஒரு காகிதம். அந்தக் காகிதம் யார் கையில் இருக்கிறது, அதை வாசிக்க யார் இருக்கிறார்கள் என்பதில்தான் தீர்ப்புக்குப் பிந்தைய நீதி இருக்கிறது.

வெண்மணியையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய வழக்கில், 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் பண்ணையாரையும் அவர் கூட்டாளிகளையும் தண்டித்தது. 1973இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. செருப்பு தேயாத பெரிய மிராசுதார்கள் நேரில் நடந்து வந்து தீ வைத்திருப்பார்களா என்ற ஐயம் அவர்களுக்குச் சாதகமானது. ஐயத்தின் பலன் எதிரிக்கே என்பது சட்டம். அந்தப் பலனைக் கேட்டு வாங்க வாய் வேண்டும். வாய்க்குக் கூலி கொடுக்கப் பணம் வேண்டும்.

தண்டனை பெற்ற அன்று மாலை

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். ஒரு கூலித் தொழிலாளி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் குற்றம் செய்தவராக இருக்கலாம், செய்யாதவராகவும் இருக்கலாம். அன்று மாலை அவரைச் சிறைக்குக் கொண்டுபோகிறார்கள். கீழ்க்கோர்ட்டில் வாதாடிய வக்கீலுக்குக் கொடுக்கவே வீட்டிலிருந்த தோடும் ஆடும் போய்விட்டன. தீர்ப்பு பல பக்கம், பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதைத் தண்டிக்கப்பட்டவருக்கு இலவசமாக, உடனடியாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கொடுத்தாலும் அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய 60 நாள் கெடு. தூக்குத் தண்டனை என்றால் 30 நாள். கெடு தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனுப் போட வேண்டும். சிறை அதிகாரி வழியாகவே மேல்முறையீட்டை அனுப்பச் சட்டத்தில் இடம் உண்டு. முன்பு குற்ற நடைமுறைச் சட்டத்தின் 383ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 424ஆம் பிரிவு. இதைத்தான் ‘ஜெயில் அப்பீல்’ என்கிறோம். ஆனால் தனக்கு எதிரான சாட்சிகள் எங்கே முரண்பட்டார்கள், எந்த மகஜரில் யார் கையெழுத்து இல்லை, எஃப்.ஐ.ஆர். கோர்ட்டுக்குப் போக ஏன் தாமதமானது என்று எதுவும் எழுதாத நான்கு வரி மனு, நீதிபதியின் மேசையில் எவ்வளவு நேரம் நிற்கும்? மேல்முறையீட்டில் வலுவில்லை என்று கண்டால் முழு விசாரணை இல்லாமலே தள்ளிவிடவும் சட்டம் அனுமதிக்கிறது.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன் இங்கிருந்து சென்னைக்குப் போக வேண்டும். இன்று திருமோகூர் வழியாக ஒத்தக்கடைக்கு பஸ் ஏறினால் கிளை பக்கத்தில்தான். தூரம் குறைந்துவிட்டது. ஆனால் அந்த வாசலில் பிளாஸ்டிக் பைக்குள் காகிதங்களைச் சுருட்டி வைத்துக்கொண்டு, எந்த அறைக்குப் போவது என்று தெரியாமல் நிற்கும் தாய்மாரை நாங்கள் இன்றும் பார்க்கிறோம். வாரா வாரம் புது ஜெயில் ரோட்டில் மனு எழுதிப்போட்டு மகனைப் பார்த்துவிட்டு வருகிற அவர்களுக்கு, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை.

இது தனி மனிதர்களின் துரதிர்ஷ்டம் அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியாவில் தாழ்த்தப்பட்டோர் 16.6 விழுக்காடு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரங்களில் தண்டனைச் சிறைவாசிகளில் நம்மவர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். சிறையிலிருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்தறியாதவர்கள் அல்லது பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். தீர்ப்பை வாசிக்கத் தெரியாதவர்களைத்தான் தீர்ப்புகள் அதிகம் தேடிப் போகின்றன.

உரிமை எப்படி வந்தது

தண்டனைக்குப் பிறகும் ஒருவருக்காக வாதாடலாம் என்பதை நமக்குக் காட்டியவர் பாபாசாகேப். 1923இல் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கிய அம்பேத்கர், 1926இல் புனேயில் ஒரு அவதூறு வழக்கை ஏற்றார். கேசவராவ் ஜேதே, தினகர்ராவ் ஜவல்கர் முதலிய பிராமணரல்லாத இயக்கத்தினர் ‘தேசத்தின் எதிரிகள்’ என்ற நூலுக்காகக் கீழ் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். மேல்முறையீட்டில் அம்பேத்கர் அவர்களை விடுவித்தார். வாதாடியவர் அப்போது பெரிய வருமானம் இல்லாத இளம் வழக்கறிஞர். அவரே 1935இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வரானார் என்பதையும் மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

விடுதலைக்குப் பின் முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் இது சட்டத்தின் கண்ணில் உரிமையாகத் தெரிந்தது. 1976இல் 42ஆம் திருத்தம் அரசமைப்பில் 39ஏ கூறைச் சேர்த்தது: வறுமையின் காரணமாக யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும். 1978 ஆகஸ்டில் ஹொஸ்கோட் வழக்கு வந்தது. ஹொஸ்கோட் கூலிக்காரர் அல்லர், பல்கலைக்கழக ஆசிரியர். போலிப் பட்டச் சான்றிதழ் வழக்கில் உயர் நீதிமன்றம் மூன்று ஆண்டு தண்டனை கொடுத்தது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் கழித்து உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார். தீர்ப்பு நகல் தன் கைக்குச் சேரவில்லை என்பது அவர் சொன்ன காரணம். படித்தவருக்கே அந்த நிலை.

நீதிபதி கிருஷ்ணய்யர் அவருடைய மனுவைத் தள்ளினார். ஆனால் நாடு முழுவதற்குமான விதிகளைப் போட்டார். தண்டிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பு நகல் இலவசமாகக் கொடுக்க வேண்டும். சிறை வழியாக அனுப்பினால் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புகை வாங்க வேண்டும். மேல்முறையீடு செய்ய சிறை நிர்வாகம் வசதி செய்ய வேண்டும். வக்கீல் வைக்க முடியாதவருக்கு நீதிமன்றம் வக்கீலை அமர்த்த வேண்டும், செலவு அரசுடையது. இது கருணை அல்ல, 21ஆம் கூறு தரும் உரிமை. சென்னையில் சட்டம் படித்த கிருஷ்ணய்யர், 1948இல் கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று ஒரு மாதம் சிறையில் இருந்தவர். 1957இல் கேரள அமைச்சராகச் சிறைத் துறையையும் பார்த்தவர். உள்ளே இருப்பவருக்குக் காகிதம் எப்படிப் போய்ச் சேராது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1987இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வந்து 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆம் பிரிவை ஒவ்வொரு மாணவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். வருமானம் எதுவானாலும் தாழ்த்தப்பட்டவருக்கும் பழங்குடியினருக்கும் இலவச வக்கீல் உண்டு. காவலில் இருக்கும் எவருக்கும் உண்டு. சாதி வன்கொடுமைக்கு ஆளானவருக்கும் உண்டு. கவனியுங்கள்: சிறையில் இருப்பவரும் வன்கொடுமையால் பாதிக்கப்பட்டவரும் ஒரே பிரிவுக்குள் நிற்கிறார்கள். தம்பியின் கேள்விக்கான பதிலில் பாதி அங்கே இருக்கிறது.

திரும்பிப் பார்த்ததால் பிழைத்தவர்கள்

மேல்முறையீடு வெறும் சடங்கு என்று நினைப்பவர்களுக்குச் சில வழக்குகளை நினைவூட்டுகிறோம். 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்றம் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை கொடுத்தது. பழ. நெடுமாறன் முதலானோர் மக்களிடம் நிதி திரட்டி வழக்கு நடத்தினார்கள். 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ஓராண்டுக்குச் சற்றே மேல் இடைவெளி, 19 கழுத்துகள். மிச்சமிருந்தவர்களில் பேரறிவாளனுக்காக அற்புதம் அம்மாள் பையும் காகிதமுமாக அலைந்து, 2022 மே 18 அன்று மகனின் விடுதலையைப் பார்த்தார்.

மகாராஷ்டிராவில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு தொழிலாளர்கள் 2003இல் நடந்த ஒரு கொலை வழக்கில் சிக்கினார்கள். உயர் நீதிமன்றம் மூன்று பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கு என்றது. அதே உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில், சாட்சிகள் முதலில் அடையாளம் காட்டியது வேறு ஆட்களை என்பதைக் கண்டு, ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுவித்து, ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இறுதி என்று சொன்ன தீர்ப்புக்குப் பிறகு பத்து ஆண்டு கழித்து வந்த நீதி அது.

இன்னொருவர் 1994இல் புனேயில் நடந்த கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றவர். குற்றம் நடந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு என்பதை ராஜஸ்தானில் ஒரு பள்ளியின் பதிவேடு காட்டியது. 28 ஆண்டு சிறைக்குப் பிறகு 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. சிறுவர் என்ற வாதத்தை வழக்கு முடிந்த பிறகும் எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் யாராவது அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். பழைய பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டும். பெரிய வாதத் திறமை அதற்குத் தேவையில்லை. கால் வலிக்க நடக்கத் தயாராக இருக்கும் ஒருவர் போதும்.

மாணவர்கள் நின்ற இடங்கள்

அந்த வழக்கில் அவருக்காக நின்றவர்கள் தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் ‘39ஏ திட்ட’த்தினர். அந்தத் திட்டம் தொடங்கியதே மாணவர்களின் கால்நடையில்தான். 2013 முதல் அவர்கள் நாட்டின் பல சிறைகளுக்குப் போய், அப்போது தூக்குத் தண்டனை பெற்றிருந்த 385 பேரில் 373 பேரைப் பற்றிய விவரங்களை அவர்களிடமும் குடும்பங்களிடமும் பேசிச் சேகரித்தார்கள். 2016இல் வந்த அறிக்கை சொன்னது: அவர்களில் 74.1 விழுக்காட்டினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள், 24.5 விழுக்காட்டினர் தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும். நமக்கு அனுபவத்தில் தெரிந்ததை அவர்கள் கணக்காகக் காட்டினார்கள். கணக்கெடுக்கப் போனவர்கள் பிறகு வழக்குகளையும் ஏற்றார்கள்.

இந்த வழி அமெரிக்காவில் இன்னும் பழையது. 1961இல் ஃபுளோரிடாவில் வக்கீல் இல்லாமல் தண்டிக்கப்பட்ட ஏழை கிளாரன்ஸ் கிடியன், சிறையிலிருந்து பென்சிலால் மனு எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1963இல் அந்த நீதிமன்றம், கடுங்குற்ற வழக்கில் ஏழைக்கு அரசு வக்கீல் தர வேண்டும் என்றது. மறு விசாரணையில் வக்கீலோடு நின்ற கிடியன் விடுதலையானார். 1965இல் கன்சாஸ் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில், லெவன்வொர்த் சிறைவாசிகளுக்காக மாணவர்கள் மனு எழுதும் திட்டம் தொடங்கியது. தொடங்கியவர் பேராசிரியர் பால் வில்சன். இவர் யார் தெரியுமா? கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளிகளில் வைத்த முறை செல்லும் என்று, புகழ்பெற்ற பிரவுன் வழக்கில் கன்சாஸ் மாநிலத்தின் சார்பில் வாதாடித் தோற்ற அரசு வக்கீல். பிரித்து வைப்பதற்காக வாதாடிய அதே மனிதர், பத்தாண்டு கழித்துத் தன் மாணவர்களைச் சிறைக் கதவுக்கு அனுப்பினார். மனிதர்கள் மாறுவார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? தண்டனைக்குப் பின்னும் ஒருவரைக் கேட்க வேண்டும் என்பதன் அடிப்படையே அந்த நம்பிக்கைதான்.

அங்கே பல மாநிலங்களில், மூத்த வழக்கறிஞரின் மேற்பார்வையில் மாணவரே நீதிமன்றத்தில் எழுந்து பேச விதிகள் இருக்கின்றன. இங்கே அப்படி இல்லை. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் வாதாடலாம். குறிப்பிட்ட வழக்கில் மற்றவரை அனுமதிக்க நீதிமன்றத்துக்கு 32ஆம் பிரிவில் அதிகாரம் இருந்தாலும், அது விதிவிலக்கு. ஆனால் பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள் ஒவ்வொரு சட்டக் கல்லூரியிலும் இறுதியாண்டு மாணவர்களைக் கொண்ட சட்ட உதவி மையம் வேண்டும் என்கின்றன. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2011 ஒழுங்குமுறைகளும் மாணவர்களுக்கு இடம் தருகின்றன. சட்டத் தன்னார்வலராக மாணவரும் ஆகலாம். நீண்டகாலத் தண்டனை பெற்ற படித்த சிறைவாசியும் ஆகலாம்.

நடைமுறை என்ன? பல இடங்களில் சட்ட உதவி மையம் என்பது ஒரு பேனர், ஒரு முகாம், ஒரு புகைப்படம், செய்முறைத் தேர்வுக்கு ஒரு ரெக்கார்டு நோட்டு. முகாமில் ‘உங்களுக்கு உரிமை இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு வருகிறோம். சிறையில் இருப்பவருக்கு அது தெரியும். அவர் கேட்பது: என் அப்பீல் நம்பர் என்ன?

சிறைக்குள்ளும் சாதி

உள்ளே போனால் சாதி வாசலில் நின்றுவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதிவாரியாகப் பிரித்து அடைத்ததை எதிர்த்து ஒரு வழக்கறிஞர் வழக்குத் தொடர்ந்தார். மோதலைத் தடுக்கவே பிரிக்கிறோம் என்ற விளக்கத்தை உயர் நீதிமன்றம் ஏற்றது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடர்ந்த வழக்கில், 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்க மறுத்தது. துப்புரவு வேலையை ஒரு சாதிக்கும் சமையலை இன்னொரு சாதிக்கும் ஒதுக்கிய சிறை விதிகள் அரசமைப்புக்கு விரோதம் என்று அடித்தது. தீர்ப்பு வந்துவிட்டது. அது ஒவ்வொரு பிளாக்கிலும் நடைமுறைக்கு வந்ததா என்று பார்க்க, உள்ளே போய்ப் பேசும் ஆட்கள் வேண்டும். வெளியிலிருந்து வாரம் ஒரு மாணவர் வருகிறார் என்பதே உள்ளே இருப்பவருக்கு ஒரு பாதுகாப்பு.

தம்பிக்குப் பதில்

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். மேலவளவுக் கொலையாளிகளுக்கு வக்கீல் இருந்தார்கள், மேல்முறையீடு செய்தார்கள். அது நம் குறை அல்ல. இரண்டு மேல்நிலை நீதிமன்றங்கள் அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டன. கேட்ட பிறகும் தண்டனை நிலைத்தது. அதனால்தான் அந்தத் தீர்ப்பை இன்று யாரும் ‘ஒருதலைப்பட்சம்’ என்று சொல்ல முடியாது. எதிரியின் வாதத்தை முழுதாகக் கேட்ட தீர்ப்புக்குத்தான் உறுதி உண்டு.

நம் குறை வேறு. அரசு அவர்களை விடுவித்தபோது பாதிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. ஹொஸ்கோட் சொன்னது தீர்ப்பு நகல் வரவில்லை என்று. நாம் 2019இல் அலைந்தது அரசாணை நகலுக்கு. உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் கேட்டது ஒன்றையேதான்: என் வாழ்க்கையைப் பற்றி என்ன முடிவெடுத்தீர்கள் என்று என்னிடம் காட்டுங்கள், முடிவெடுக்கும் முன் என்னைக் கேளுங்கள். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டத்தின் 15ஏ பிரிவு, அந்தச் சட்டத்தின்கீழ் நடக்கும் வழக்குகளில் ஜாமீன், பரோல், விடுதலை, தண்டனை எல்லாவற்றிலும் பாதிக்கப்பட்டவரைக் கேட்க வேண்டும் என்கிறது. அந்த உரிமை எல்லா முன்விடுதலைக்கும் விரிய வேண்டும் என்பது நம் கோரிக்கை.

தண்டிக்கப்பட்டவருக்கு உரிமையே கூடாது என்று நாம் சொன்னால், அந்தக் கதவு யார் முகத்தில் முதலில் அறைந்து சாத்தப்படும்? நம் முகத்தில்தான். வசதியுள்ளவருக்குப் பின்வாசல் எப்போதும் திறந்திருக்கும். சாதிக்கொரு நீதி என்பதை எதிர்த்து எழுந்த இயக்கம், நமக்கு வேண்டியவருக்கொரு நீதி என்று பேச முடியாது. சிறையிலுள்ள எந்த ஏழைக்காகவும், அவர் எந்தச் சாதியானாலும், மேல்முறையீடு எழுதலாம். வன்கொடுமை வழக்கில் மட்டும் ஒரே மையம் இரண்டு பக்கமும் நிற்க முடியாது. அங்கே நம் இடம் பாதிக்கப்பட்டவர் பக்கம். எதிரிக்கு வேறு வக்கீலை அரசு தரட்டும். தர வேண்டும் என்றும் நாமே சொல்வோம்.

செய்ய வேண்டியவை

சட்டம் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் ஐந்து வேலைகளைக் கேட்கிறோம். ஒன்று, நம் வட்டாரத்திலிருந்து தண்டனை பெற்றுச் சிறையிலிருப்பவர்களின் பட்டியலைக் குடும்பங்களிடமிருந்து எடுங்கள்: தீர்ப்புத் தேதி என்ன, நகல் கிடைத்ததா, அப்பீல் போட்டாயிற்றா. இரண்டு, போடாதவர்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு எழுதிக் கொடுத்து, வக்கீல் யாரென்று எழுத்தில் வாங்குங்கள். மூன்று, கேஸ் கட்டு முழுவதையும் படித்து, சாட்சிகளின் முரண்களைப் பக்க எண்ணோடு குறித்து அந்த வக்கீலிடம் கொடுங்கள். சட்ட உதவி வக்கீலுக்குக் கட்டணம் குறைவு, வழக்கு அதிகம். உங்கள் பத்துப் பக்கக் குறிப்பு ஓர் உயிரைக் காப்பாற்றலாம். நான்கு, பள்ளிப் பதிவேடு, மருத்துவச் சீட்டு போன்ற ஆவணங்களைத் தேடுங்கள். ஐந்து, தீர்ப்பைத் தமிழில் சிறைவாசிக்கும் அவர் வீட்டாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். என்ன காரணத்துக்காகத் தண்டிக்கப்பட்டோம் என்பதே பலருக்குத் தெரியாது.

சில எச்சரிக்கைகளும் உண்டு. மூத்த வழக்கறிஞரின் மேற்பார்வை இல்லாமல் எதையும் செய்யாதீர்கள். விடுதலை வாங்கித் தருவோம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். சிறைவாசி சொன்னதை வெளியே பேசாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பாதியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். உங்களுக்குச் செமஸ்டர் ஆறு மாதத்தில் முடியும், அவருக்கு ஆயுள். நீங்கள் போகும்போது கட்டை அடுத்த ஆண்டு மாணவரின் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். மன்றம் செய்ய வேண்டியது அந்தத் தொடர்ச்சியைக் காப்பது.

முருகேசன் கடைசியாகப் பயணம் செய்தது ஓர் அரசு அலுவலகத்துக்குப் போய்விட்டு ஊர் திரும்பும் வழியில். நம் மக்கள் அதற்கு முன்பும் பின்பும் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ அலுவலகங்களுக்கு நடந்திருக்கிறார்கள். அவர்களோடு கூட நடக்க ஆள் வேண்டும். தீர்ப்பு வந்த நாளிலிருந்து 60 நாள். அதற்குள் நம்மில் ஒருவர் அந்தச் சிறை வாசலுக்குப் போயிருக்க வேண்டும்.